விட்டவன் விழுக்காடு: திருமலைப் பணியாரங்களும் நாவின் அளவும்

இனிப்பின்மீதும் உப்புப் பணியாரங்களின்மீதும் எழும் வேட்கையைத் தனிமனித மனவுறுதியின் சிக்கலாகவே இன்றைய உணவுப் பேச்சு காண்கிறது. திருமலை, திருப்பதிக் கோயில்களின் சாசனங்களில் அதே வேட்கை வேறு வடிவில் எதிர்ப்படுகிறது: எந்த நாளில், எவருக்கு, எவ்வளவு என்னும் கணக்காக.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இச்சாசனங்களுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930இல் அளித்த அறிக்கையும், தேவஸ்தானம் பதிப்பித்த சாசனத் தொகுதிகளும் அவற்றை ஆய்வுலகுக்குத் திறந்துவிட்டன. சாளுவ, துளுவ அரசர் காலத்துக் கொடைகளில் அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி, இட்டலிப்படி, தோசைப்படி எனப் பட்டியல் நீள்கிறது. இனிப்பும் உப்பும் அதில் அருகருகே நிற்கின்றன. கொடையாளி ஈந்த பணத்தைக் கோயில் தன் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதில் இட்டது. மிகுந்த விளைச்சலிலிருந்து அமுதுபடி நடந்தது. பர்ட்டன் ஸ்டைன் 1960இல் எழுதிய கட்டுரை இப்பொருளியலை விரிவாகக் காட்டியது. ஆக, ஒரு வடைக்குப் பின்னால் ஓர் ஏரிக்கரை இருந்தது.

படைத்த பணியாரத்தில் நான்கில் ஒரு பங்கு கொடையாளிக்கு உரியது. சாசனங்கள் அதனை 'விட்டவன் விழுக்காடு' என்கின்றன. எஞ்சியது கோயிற்பணி செய்வோருக்கும் பிறருக்கும் பகிரப்பட்டது. அந்தக் கால்பங்கையும் இராமானுஜகூடம் போன்ற அறச்சாலைகளுக்கு எழுதிவைத்தோர் உண்டு. உண்ணும் அளவை இங்கே வரையறுத்தது நாவடக்கம் அன்று, நாளும் பங்கும்.

இதனைப் பொற்காலமாகப் படிப்பது பிழை. உரிமையுள்ளோரின் பெயர்களே கல்லில் ஏறின. பங்கற்ற வழிப்போக்கனின் ஆசையை எவரும் பொறிக்கவில்லை.

லட்டு பிற்காலத்து வரவு. அதன் தொடக்கமாக 1715 ஆகஸ்ட் 2 என்றொரு தேதி வழங்கிவருகிறது. அப்பமும் அதிரசமும் அரிசிமாவும் வெல்லமும் சேர்ந்தவை. இன்றைய லட்டோ கடலைமாவும் வெள்ளைச் சர்க்கரையும். கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர்பெற்ற சித்தூர் வட்டாரத்தை அடுத்த மலையில் இம்மாற்றம் நிகழ்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. வடை மட்டும் இன்றும் மிளகுக் காரத்தையே பற்றிநிற்கிறது.

பழைய கணக்குமுறை முற்றிலும் மறையவில்லை. 51 எண்ணிக்கை கொண்டது ஒரு படி. 1950இல் வகுக்கப்பட்டு 2001இல் திருத்தப்பட்ட 'திட்டம்' என்னும் அளவுப்பட்டியலின்படி, 5,100 லட்டுகளுக்குக் கடலைமாவு 180 கிலோ, நெய் 165, சர்க்கரை 400, முந்திரி 30, உலர்திராட்சை 16, கற்கண்டு 8, ஏலம் 4. மொத்தம் 803 கிலோ. பாதிக்குச் சற்றே குறைவாகச் சர்க்கரை மட்டுமே. ஒரு லட்டுக்கு ஏறத்தாழ 78 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த உச்சவரம்போ வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம். இக்கணக்கால் லட்டைக் குற்றஞ்சாட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர்: அத்திட்டம் ஒருவர் உண்ணும் அளவாக எழுதப்பட்டதன்று, நிவேதனத்தின் அளவாக எழுதப்பட்டது. மலையிறங்கி வீடு சேரும் லட்டு உதிர்க்கப்பட்டு, அண்டை வீடுகளுக்கும் உறவினருக்கும் ஆளுக்கொரு சிட்டிகையாகவே போய்ச்சேர்ந்தது.

2020 ஜனவரி முதல் தரிசனம் முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு விலையின்றி வழங்கப்படுகிறது. கூடுதலாக வேண்டுவோர் விலைகொடுத்துப் பெறலாம். விழுக்காடு இன்று தலைக்கு ஒன்று. அதை உதிர்ப்பதா, முழுதாக உண்பதா என்பது மட்டும் எந்தத் திட்டத்திலும் எழுதப்படவில்லை.