மூலமும் படியும்

ஏட்டுச்சுவடிகளின் வரலாறு அறிந்தோர்க்கு ஓர் உண்மை புதிதன்று. நூலாசிரியர் பிழையற எழுதியிருப்பார். படியெடுத்தவர் கையில் பாடம் மாறிவிடும். கணிப்பொறிக்கும் இவ்விடர் உண்டு. மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் ஏற்கும் குறியீடாக மாற்றித் தருவது தொகுப்பி என்னும் மற்றொரு நிரல். மூலத்தைத் தொடாமலே, அம்மாற்றத்தின் நடுவில் வஞ்சகம் புகுத்த இயலும் என்று 1984ஆம் ஆண்டில் கென் தாம்சன் என்ற அமெரிக்க அறிஞர் விளக்கினார். 2020ஆம் ஆண்டில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கு இத்தகைய கேடு நேர்ந்தது வெளிப்பட்டது. கேடு கலந்த படி, அந்நிறுவனத்தின் கையொப்பத்துடனேயே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரைச் சென்றடைந்தது.

நம்மவர் பலர் குடியேறி வாழும் ஐதராபாத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1967இல் அணுசக்தித் துறையின் கீழ் இங்கு நிறுவப்பெற்ற இந்திய மின்னணுக் கழகம், 1979இல் வாக்குப்பதிவு இயந்திரத்தின் மாதிரியை உருவாக்கியது. 1982 மே 19ஆம் நாள் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இத்தகைய இயந்திரங்கள் வைக்கப்பட்டன. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நாடெங்கும் இயந்திர வாக்கே நிலைபெற்றது.

இதன் நிரல், ஒருமுறை மட்டுமே எழுதத்தக்க சில்லில் பதிக்கப்படுகிறது. முன்னாளில் மூலநிரலை வெளியே விடாமல், இயந்திரக் குறியீட்டை மட்டும் அயல்நாட்டுச் சில்லு உற்பத்தியாளரிடம் கொடுத்துப் பதிப்பித்தனர். பிற்கால இயந்திரங்களுக்கு அவ்வேலையும் நம் தொழிற்சாலைக்குள்ளேயே நடைபெறலாயிற்று. மூலத்திற்கும் சில்லுக்கும் இடைப்பட்ட வழி குறுகக் குறுகக் காவல் எளிதாகும் அன்றோ?

ஆயினும், திருடனைத் தடுக்கும் பூட்டு தணிக்கையாளரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. சில்லில் பதிந்தது மெய்யான படிதானா என்று வாக்காளர் எங்ஙனம் அறிவார்? 2013 முதல் வந்த காகிதச் சீட்டு ஒரு விடை. 2024 ஏப்ரல் 26ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மற்றொரு விடை தந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் எழுதிக் கேட்டால், சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காட்டு இயந்திரங்களின் பதிவை உற்பத்தி நிறுவனப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றது. செய்தவரே சோதிப்பது தொடக்கமே, முடிவன்று.

உ. வே. சாமிநாதையர் ஒரே சுவடியை நம்பிவிடாமல், பல இடத்துச் சுவடிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். இன்று மென்பொருள் வல்லுநர் சிலரும் அந்நெறியையே கைக்கொள்கின்றனர். ஒரே மூலநிரலைத் தொடர்பற்ற பல இடங்களில் தொகுத்து, விளைந்த படிகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றனர். வேறுபாடு கண்டால் காரணம் தேடுகின்றனர். வாக்கைத் தாங்கும் இயந்திரத்திற்கும் இத்தகைய ஒப்புநோக்கு வாய்க்குமாயின், பூட்டின்மேல் வைத்த நம்பிக்கை கண்கூடான சான்றாக மாறும்.