சான்றிதழற்ற மின்கையொப்பத்தில் திறவுகோல் ரத்து

ஒருவரின் தனித் திறவுகோல் களவு போனாலோ, அவர் பணியை விட்டு விலகினாலோ, அதன்பின் அந்தத் திறவுகோலால் இடப்படும் மின்கையொப்பம் செல்லாதபடி செய்வது திறவுகோல் ரத்து எனப்படும். சான்றிதழ் இருந்தவரை இதைக் குறித்துவைக்க ஓர் இடம் இருந்தது. இன்னாருடைய கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோல் இதுதான் என்று நம்பகமான ஒருவர் கையொப்பமிட்டுத் தரும் அந்த ஏற்பாட்டை லோரன் கோன்ஃபெல்டர் 1978இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதிய இளநிலை ஆய்வேட்டில் முன்வைத்தார். 1988இல் வந்த எக்ஸ்.509 தரம் ரத்துப் பட்டியலுக்கு வடிவம் தந்தது. பட்டியல்கள் நீண்டபோது, ஒரு சான்றிதழின் நிலையை மட்டும் கேட்டறியும் ஓசிஎஸ்பி நெறிமுறை 1999இல் வந்தது. இவை எல்லாவற்றிலும் ரத்தைத் தேடிப் பார்க்கும் சுமை கையொப்பத்தைச் சரிபார்ப்பவர் தலையில்தான் விழுந்தது.

பெயர், மின்னஞ்சல் முகவரி போன்ற அடையாளமே பொதுத் திறவுகோலாகட்டும் என்று ஆதி ஷமீர் 1984இல் சொன்னதும், அந்த அடையாளவழி முறையில் சான்றிதழுக்குத் தேவை இல்லாமல் போனது. ஆனால் எல்லோருடைய தனித் திறவுகோலையும் ஆக்கித் தரும் மையம் எவர் பெயரிலும் கையொப்பமிடலாம் என்ற ஆபத்து வந்தது. 2003இல் அல்-ரியாமியும் பேட்டர்சனும் அதைத் தீர்த்தனர்: மையம் பாதித் திறவுகோலைத் தரும், மீதியைப் பயனர் தாமே இரகசியமாகச் சேர்ப்பார். இதுவே சான்றிதழற்ற முறை. (அவர்களது கையொப்ப முறையில் இருந்த ஓட்டையை 2005இல் பிறர் காட்டினர், கருத்து மட்டும் நிலைத்தது.) சான்றிதழ் போனதோடு, ரத்து என்று எழுதிவைக்கும் தாளும் போய்விட்டது.

அடையாளத்தோடு தேதியைச் சேர்த்தால் போதாதா என்று கேட்கலாம். போனே, ஃபிராங்க்ளின் இருவரும் 2001இல் அடையாளவழிக் குறியாக்கத்துக்குச் சொன்ன வழி அது. ஆனால் ஒவ்வொரு காலப்பகுதிக்கும் ஒவ்வொரு பயனருக்கும் புதிய திறவுகோலை இரகசிய வழியில் அனுப்ப வேண்டும். பயனர் பெருகினால் இது தாங்காது. ஒவ்வொரு கையொப்பத்திலும் கைகொடுக்கும் இடையாளரை வைக்கலாம். அவர் முடங்கினால் எல்லோரும் முடங்குவார்கள். மேலான வழி, திறவுகோலை மாறாப் பகுதி, காலப் பகுதி என்று பிரிப்பதே. சான்றிதழற்ற கையொப்பத்துக்கு இதை யின்சியா சுன் முதலியோர் 2014இல் கையாண்டனர். மையம் காலத் திறவுகோலைப் பொதுவெளியிலேயே வெளியிடும். ரத்தானவருக்கு மட்டும் வெளியிடாது. பழைய திறவுகோல் முழுதும் கையில் இருந்தாலும் புதிய காலத்துக்கு அவரால் கையொப்பமிட முடியாது.

இது குறுகிய ஆயுள் கொண்ட சான்றிதழுக்கு வேறு பெயர்தானே என்ற மறுப்பு வலுவானது. காலத் திறவுகோல் என்பது, சாராம்சத்தில், அடையாளத்தின்மேலும் காலத்தின்மேலும் மையம் இடும் கையொப்பமே. ஆனால் அது பயனரின் கையொப்பத்துக்குள் கரைந்துவிடுவதால், சரிபார்ப்பவர் தனியே எதையும் கேட்டுப் பெற வேண்டியதில்லை. ஒரு முறை இட்ட கையொப்பத்தை ஆயிரம் பேர் சரிபார்க்கலாம் என்பதால், சுமை சரிபார்ப்பவரிடமிருந்து மையத்துக்கும் இடுபவருக்கும் மாறுவதே பெரிய ஆதாயம் என்பேன். மையத்தின் சுமையும் குறையக்கூடியதே: பயனர்களை இருகிளை மரத்தில் அடுக்கினால், ரத்தானோர் சிலரே என்னும்போது ஒவ்வொரு முறையும் வெளியிட வேண்டியவை மிகக் குறையும் என்று பொல்டிரேவா, கோயல், குமார் மூவரும் 2008இல் அடையாளவழிக் குறியாக்கத்தில் காட்டினர்.

இந்த வழிக்கு எட்டாத ஒன்று உண்டு. கடந்த காலப்பகுதிகளின் திறவுகோல்கள் ஏற்கெனவே பொதுவெளியில் கிடக்கின்றன. தனித் திறவுகோலைக் களவாடியவர் இன்று உட்கார்ந்து போன மாதத் தேதியிட்டுக் கையொப்பமிடலாம். கணிதம் அதை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கையொப்பம் உண்மையில் எப்போது இடப்பட்டது என்பதற்கு, மையத்தைச் சாராத நம்பகமான நேர முத்திரை ஒன்று தனியே வேண்டும்.