பங்கு இல்லாதவர் இழந்த சொத்து: 1780 படையெடுப்பும் பூந்தமல்லிச் சுற்றுவட்டாரக் காணியுரிமையும்

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போரூரைத் தாண்டினால் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். இங்கே ஒரு கிரவுண்டு மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்று எடுக்கிறார், மூலப்பத்திரம் கேட்கிறார், அ-பதிவேடு பார்க்கிறார். இதே வட்டாரத்தில் 1780க்கும் 1784க்கும் இடையில், மைசூருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த போரில், வீடும் மாடும் விதைநெல்லும் ஏரிக்கரையும் ஊர் ஊராக அழிந்தன. யார் எதை இழந்தார் என்று அன்று எவரும் வீடுவீடாகக் கேட்டு எழுதவில்லை. இழப்புக்கென ஒரு பதிவேடு இல்லாத இடத்தில், போருக்கு முன் எடுத்த கணக்கையும் போருக்குப் பின் எடுத்த கணக்கையும் அருகருகே வைத்துத்தான் அதை அறிய வேண்டியிருக்கிறது. அப்படி வைத்துப் பார்க்கும்போது கணக்கில் இடம்பெற்றவர் யார், இடமே பெறாதவர் யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. இக்கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாம் தரப்பினர் மீதே.

ஒப்பிட்டுப் பார்க்க அயர்லாந்து உதவும். 1641 அக்டோபரில் அல்ஸ்டர் பகுதியில் கத்தோலிக்க ஐரிஷ் நிலப்பிரபுக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்து குடியேறியிருந்த புராட்டஸ்டண்டுகள் விரட்டப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு டிசம்பரிலேயே ஹென்றி ஜோன்ஸ் என்ற பாதிரியார் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. டப்ளினுக்கு ஓடிவந்த அகதிகள் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்து, இழந்த மாடு, குதிரை, தானியம், வீட்டுச் சாமான், குத்தகை உரிமை, இனி வசூலாகாத கடன் என்று பவுன் கணக்கில் சொன்னார்கள். சொன்னவர்களில் விதவைகள் பலர். ஏறத்தாழ 8,000 வாக்குமூலங்கள், 31 தொகுதிகளாக, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இன்றும் இருக்கின்றன.

அந்தப் பட்டியல் துயரத்தைப் பதிந்ததோடு நிற்கவில்லை. கிளர்ச்சியாளரின் நிலத்தைப் பறிமுதல் செய்ய 1642இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. குரோம்வெல்லின் படையெடுப்புக்குப் பின், 1650களின் நடுவில் வில்லியம் பெட்டி நிலத்தை அளந்து வரைபடமாக்கினார். 1641இல் கத்தோலிக்கர் கையில் இருந்த நிலம் சுமார் 59 விழுக்காடு. 1688இல் 22 விழுக்காடு. வாக்குமூலம் கொடுக்க முடிந்த தரப்பின் இழப்பு மறுதரப்பின் நிலத்தைப் பறிக்கும் ஆவணமாயிற்று. ஆணையத்தின் முன் வந்து நிற்க வழியில்லாத கத்தோலிக்க ஏழைக் குடியானவரின் இழப்பு அதே அளவில் எழுதப்படவேயில்லை.

நம் வட்டாரத்தில் வரிசை தலைகீழ். அளவை முதலில் வந்தது, அழிவு பிறகு.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1763இல் சென்னையைச் சுற்றியிருந்த செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765இல் டில்லி பாதுஷா ஷா ஆலம் அதை உறுதிசெய்தார். பூந்தமல்லி அந்த ஜாகீரில் அடங்கியது. சீமையைக் கொடுத்த நவாபே அதைக் குத்தகைக்கு எடுத்து 1780 வரை வரி வசூலித்துவந்தார். கையில் வந்த நாட்டில் என்ன இருக்கிறது என்று அறியக் கம்பெனி 1767இல் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளரை அளக்க அனுப்பியது. 1774 வரை நடந்த அந்த அளவையில் ஏறத்தாழ 2,000 ஊர்கள் வந்தன. நஞ்சை, புஞ்சை, தரிசு, ஏரி, தோப்பு, கோயில், எந்தச் சாதியார் எத்தனை வீடு, 1762 முதல் 1766 வரை ஐந்தாண்டு விளைச்சல், களத்தில் நெல் அளக்கும்போது வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கோயிலுக்கும் போகும் மேரை என எல்லாம் அதில் உண்டு. ஊர்க்கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிக்கொடுத்த கணக்குகளே அதற்கு அடித்தளம். பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட நாட்டுப்புறம் இந்தியாவில் வேறு அதிகம் இல்லை.

இந்தக் கணக்கில் ஊரின் உடைமை காணியாட்சி என்னும் பங்குகளாக இருந்தது; அரசு ஏடுகள் அதை மிராசு என்றன. ஓர் ஊர் பத்துப் பங்கு, இருபது பங்கு என்று பிரிந்திருக்கும். பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும் பங்குடையோர். சில ஊர்களில் பங்குக்குரிய நிலத்தை அவ்வப்போது தங்களுக்குள் மாற்றிப் பிரித்துக்கொண்டார்கள், அது கரையீடு. உள்குடிகளும் வெளியூரிலிருந்து வந்த பரக்குடிகளும் நிலத்தை உழுது, காணியாளருக்குச் சாமிபோகம் என்னும் விளைச்சல் பகுதியைக் கொடுத்தார்கள். இவர்களுக்கெல்லாம் கீழே படியாட்களும் பண்ணையாட்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பறையர். அவர்களுக்குப் பங்கு கிடையாது, களத்தில் அளக்கும் கூலிநெல் மட்டுமே.

1780 ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலி எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையுடன் மலைக்கணவாய்களைக் கடந்து இறங்கினார். சில நாட்களில் அவருடைய குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்துவிட்டது. செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை முற்றாக வீழ்ந்தது. காஞ்சிபுரத்தில் இருந்த மற்றொரு கம்பெனித் தளபதி மன்றோ பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். அடுத்து நடந்ததில் கோட்டைகளைப் பிடிப்பதைவிட நாட்டைப் பாழாக்குவதே போர்முறையாக இருந்தது. சென்னைக் கோட்டைக்குத் தானியமும் தீவனமும் போகாதபடி சுற்றுவட்டாரத்தை எரித்து வெறுமையாக்குவது ஹைதரின் திட்டம். கூரைகள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, ஆட்கள் மைசூருக்குப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கம்பெனியின் படையும் போகிற இடத்தில் நெல்லைத் தேடி எடுத்துக்கொண்டுதான் நகர்ந்தது. உழவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பரங்கிமலைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலுள்ள ஊர்களுக்கு இதன் பொருள் என்ன? இவை ஏரிப்பாசன ஊர்கள். கூரையை ஒரு பருவத்தில் வேய்ந்துவிடலாம். உடைந்த கரையை அடைக்க ஊரே கூட வேண்டும், ஊர் கூட ஆள் வேண்டும். கரை உடைந்தால் நீரில்லை. நீரில்லாவிட்டால் விதைநெல் இருந்தும் பயனில்லை. உழவுமாடு போனபின் ஏர் பூட்ட வழியில்லை. திருட்டுப் போனால் காவல்காரரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்தச் சீமையின் பழைய முறை. ஒரு படையே வந்து ஊரை வாரிக்கொண்டு போனால் எந்தக் காவல்காரரிடம் ஈடு கேட்பது?

ஓடியவர்கள் சென்னைக்கு ஓடினார்கள். அங்கே பஞ்சம் காத்திருந்தது. 1782 அக்டோபர் புயலில் கடலோரம் நின்றிருந்த அரிசிக் கப்பல்கள் சிதைந்தன. பட்டினியால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அவ்வாண்டு தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதானே சொல்கிறார்கள்! 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. எரிந்த வீடுகளின் மொட்டைச் சுவர்களும் மாண்டவர்களின் எலும்புகளும் தவிர, மனிதர் வாழ்ந்ததற்கான அடையாளமே பல இடங்களில் இல்லை என்ற பொருளில் 1812இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் ஐந்தாம் அறிக்கை எழுதியது.

1794இல் ஜாகீர் முழுவதற்கும் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயில் கதையில் வரும் அதே பிளேஸ்துரைதான். 1799இல் அவர் அளித்த நீண்ட அறிக்கைதான் போருக்குப் பிந்தைய உடைமைக் கணக்கு. அதன்படி ஜாகீரின் மொத்த மிராசுப் பங்குகள் 17,821. அவற்றில் 15,994 பங்குகளை 8,387 மிராசுதாரர்கள் வைத்திருந்தார்கள். கேட்பாரற்றவை 1,827.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். சீமையே பாழானது என்று ஐந்தாம் அறிக்கை சொல்கிறது; ஆனால் பத்தில் ஒரு பங்குக்குத்தான் உரிமையாளர் இல்லை. காணியாட்சி அப்படி வலுவாக இருந்தது. ஊரை விட்டுப் போனதாலேயே காணி போய்விடாது என்பது நடைமுறை. பங்காளி ஒருவர் உயிரோடு திரும்பினாலும் குடும்பத்தின் பங்கு நிலைத்தது. ஒருவருக்குச் சராசரி இரண்டு பங்கு வருவதைக் கண்டால், மாண்டவர் பங்கு எஞ்சியவரிடம் சேர்ந்தது என்று எண்ண இடமுண்டு. போருக்கு முன்பே ஒருவர் பல பங்கு வைத்திருந்ததும் உண்டு என்பதால் அதை முடிந்த முடிபாக நான் கொள்ளவில்லை. கேட்பாரற்ற பங்கு எல்லாமே ஹைதர் போரால் வந்தது என்றும் சொல்ல முடியாது. எனினும் ஒன்று உறுதி: இந்தக் கணக்கு பங்கை எண்ணியது, மாண்ட மனிதரை எண்ணவில்லை. வீடும் மாடும் விதையும் இழந்த பரக்குடிக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பண்ணையாளின் நிலை இன்னும் கொடியது. சென்னைக் கலெக்டர் எஃப். டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட பதினேழு கேள்விகளுக்கு எழுதிய விடைகள் 1818இல் நூலாக வந்தன. காணியாட்சியைத் தொன்மையான, அழிக்கலாகாத உரிமை என்று ஆதரித்த நூல் அது. தொண்டைமண்டலத்தில் நிலத்தோடு பிணைந்த அடிமைகள் நிலத்தோடு சேர்ந்தே கைமாறியதையும் அது பேசுகிறது. ஆக, பண்ணையாள் சொத்தை இழந்தவராகப் பதிவாகவில்லை. காணியாளர் இழந்த சொத்துகளில் ஒன்றாகவே கருதப்பட இடமிருந்தது. அவர் இழந்த குடிசைக்கும் குழந்தைக்கும் வாக்குமூலம் வாங்க எந்த ஆணையமும் அமையவில்லை.

அதே போர்க்காலத்தில் பணம் கொடுத்தவர்களின் கோரிக்கைக்கு மட்டும் பெரிய காது இருந்தது. நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொன்ன ஐரோப்பியர்களுக்காக லண்டன் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. 1785இல் எட்மண்ட் பர்க் அக்கடன்களைக் கடுமையாகச் சாடினார். 1805இல் கர்நாடகக் கடன் ஆணையம் அமைந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு விசாரித்தது. மூன்று கோடி பவுனுக்கு மேல் கோரினார்கள். ஏற்கத்தக்கதாகத் தேறியது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பொய்க்கணக்குக்குக்கூட இருபத்தைந்து ஆண்டு விசாரணை கிடைத்தது. அக்கடன்களின் சுமையை வரியாகச் சுமந்த நாட்டின் உழவருக்கு ஒரு நாள் விசாரணையும் கிடைக்கவில்லை.

பூந்தமல்லிக் காணியாளர்களும் அமைதியாக இருந்துவிடவில்லை. பிளேஸ் நிர்ணயித்த வரியை ஏற்க மறுத்து 1790களின் நடுவில் அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். உழாதவருக்கு மிராசு இல்லை என்ற நிலையெடுத்த பிளேஸ், பரக்குடிகளைக் கொண்டு அந்த ஊர்களில் சாகுபடி நடத்த முனைந்தார். படையெடுப்பில் போகாத உரிமை வரித்தகராறில் ஆட்டம் கண்டது. வெளியிலிருந்து வந்து உழுத சிலருக்கு அப்போதுதான் நிலத்தின் மேல் கால் ஊன்ற வாய்ப்பு வந்தது. ஆனால் எல்லிஸ் வாதிட்ட வழியில் மிராசுக்கு மீண்டும் வலு கூடியது. செங்கல்பட்டில் தரிசு நிலத்தை யாராவது தர்க்காஸ்து போட்டுக் கேட்டால், முதல் உரிமை மிராசுதாரருக்கே என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் நீடித்தது.

அதனால் யார் நிலமின்றி நின்றார் என்பதை 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமன்ஹீர் தம் அறிக்கையில் எழுதினார். பறையர் தரிசு கேட்டால் மிராசுதாரர் குறுக்கே நிற்பதையும், சொந்தக் குடிசை மனைகூட அவர்களுக்கு உறுதியில்லாததையும் அரசின் முன் வைத்தார். 1892 அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட சாதியாருக்கென நிலம் ஒதுக்கும் முறை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். கேட்பாரற்ற 1,827 பங்குகளைக் கணக்கெடுத்து நூறாண்டு ஆகும் தறுவாயில்தான், பங்கே இல்லாதவருக்கு நிலம் உண்டா என்ற கேள்வி அரசாணை வரை வந்தது.

1641 வாக்குமூலங்கள் 2010இல் முழுமையாக இணையத்தில் ஏறின. அயர்லாந்தின் எந்த ஊர்க்காரரும் தம் ஊர்ப் பெயரை இட்டுத் தேடிப் படிக்கலாம். பர்னார்ட் அளவைக்கு அடித்தளமான ஓலைகளில் எஞ்சியவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் உள்ளன. ஆய்வாளர் தரம்பாலின் முயற்சியால் அவை வெளிச்சத்துக்கு வந்தன. சென்னைக் கொள்கை ஆய்வு மையம் சில ஊர்களின் கணக்கைப் பதிப்பித்தது. மீதி ஊர்களையும் ஊர்வாரியாகப் பதிப்பித்து இணையத்தில் வைக்கும் பணியைத் தமிழக அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். பூந்தமல்லி வட்டார ஊர்களிலிருந்து அதைத் தொடங்கலாம். அந்தக் கணக்கில் சாதிவாரியாக எண்ணப்பட்ட வீடுகளில் சேரிகளும் இருக்கின்றன.