இது எந்த வகை நாவல்?

வரலாற்று நாவல் என்றாலே நமக்கு அரசரும் அரண்மனையும்தான். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. அதிலோ மன்னர் இல்லை. இரண்டாம் உலகப் போரும், பினாங்கும் மேடானும், செட்டியார் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்த தமிழர்களும் உண்டு.

1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர் சிங்காரம். பிழைக்க மேடானுக்குப் போய், அந்தப் போர்க்காலத்தை அங்கேயே கழித்தவர். அப்படியானால் இது வரலாறா, வாழ்க்கை அனுபவமா? கடலில் சாகசம், கடைத்தெருவில் கேலி, பழந்தமிழ் இலக்கியத்தின் எதிரொலி, இந்திய தேசிய ராணுவம் எல்லாமே இதில் உண்டு.

1941 டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்ததை ஏடுகள் தேதியோடு சொல்லும். அந்த நாளில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன் மனத்தை யார் சொல்வது? ஒரே வகைக்குள் நின்றிருந்தால் சிங்காரத்தாலும் சொல்லியிருக்க முடியாது. வகை என்பது வாசகருக்கு வழிகாட்டி. எழுத்தாளருக்கு வேலி அல்ல.