உறவும் கூட்டுறவும்

'உறு' என்பது தமிழின் பழைய வினையடிகளுள் ஒன்று. சேர்தல், பொருந்துதல், அடைதல் என்பன அதன் பொருள்கள். உறவு என்னும் சொல் அதனின்று பிறந்ததே. உடலோடு பொருந்தி நிற்பது உறுப்பு. நலத்திலும் கேட்டிலும் வந்து சேர்பவர் உற்றார். ஆகவே உறவு என்பது குருதித் தொடர்பை மட்டும் குறிப்பதன்று. சேர்ந்து நிற்றலே அதன் அடிப்பொருள்.

திருக்குறளின் 53ஆம் அதிகாரம் 'சுற்றந்தழால்'. வள்ளுவர் அதனை இல்லறவியலில் வையாது பொருட்பாலில், அரசியலில் வைத்தார். தழால் என்பது தழுவுதல். சுற்றம் பிறப்பால் அமையலாம். அதனைத் தழுவிக் காத்தலோ செயலால் ஆவது.

மலாயாத் தோட்டங்களில் இவ்வுண்மை வாழ்க்கையாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் தடைசெய்யப்பட்டபின் கங்காணி முறையே மேலோங்கியது. கங்காணி தம் ஊரிலும் சுற்றத்திலுமே ஆள் திரட்டினார். எனினும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் பிரிந்து வந்தோர் பலர். அவர்களுக்கு லயத்தில் அடுத்த வீட்டாரே அண்ணனும் சித்தியும் மாமனும் ஆயினர். தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடுத்தபோது, ஊர் தொலைவாயிற்று. லயத்து உறவே பலருக்கு நிலைத்தது.

அவ்வுறவு பொருளியல் வடிவமும் பெற்றது. ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. அதன்பின் தோட்டங்கள்தோறும் சிக்கனக் கடன் சங்கங்கள் எழுந்தன. 1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியர் பலர் தோட்டங்களை விற்றனர்; வாங்கியோர் துண்டாடி விற்றனர். வேலையோடு வீடும் போயிற்று. பள்ளியும் கோயிலும் ஆளற்றுப் போகும் நிலை வந்தது. இதனைத் தடுக்கவே வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் வெட்டியோர் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்துத் தோட்டங்களுக்கே உரிமையாளராயினர். சங்கத்தில் சேர்ந்தவருக்கு வழங்கும் 'உறுப்பினர்' என்னும் சொல்லும் 'உறு' என்னும் அடியினின்று வந்ததே.

இன்று கூட்டுறவு என்றால் கடன் வாங்கும் இடம் என்றே மாணவர் பலர் எண்ணுகின்றனர். புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இச்சொல்லைப் பிரித்துக் காட்டலாம்: கூட்டு + உறவு. நிலைமொழி ஈற்றிலுள்ள குற்றியலுகரம் கெட, வருமொழி உயிர் அம்மெய்யின்மேல் ஏறும். ஒன்று சிறிது விட்டுக்கொடுத்தாலன்றி இரண்டும் ஒரு சொல்லாகா. சங்கம் நடத்துவோர்க்கும் இவ்விதி பொருந்தும்.