கம்பம் பள்ளத்தாக்கின் வெல்டிங் பட்டறைகள்

1895இல் முல்லைப் பெரியாறு அணை கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாசன நீரைத் தந்ததெனினும், அதே நீர் மலையிலிருந்து இறங்கும் விசையில் மின்சாரம் எடுக்கும் நிலையம் லோயர்கேம்ப்பில் 1958இல்தான் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி எட்டாத ஊர்களில் இரும்பை இணைப்பது கொல்லர் உலையின் வேலையாகவே இருந்தது. இரு முனைகளையும் வெண்ணிறமாகப் பழுக்கக் காய்ச்சி, மேலே படியும் செதிலை இளக்குவதற்கு நுண்மணல் தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். வண்டிச் சக்கரத்துக்கான பட்டையும் இவ்வாறே வளையமாக்கப்பட்டு, சூட்டில் விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டப்பட்டு, நீரூற்றி இறுக்கப்பட்டது.

அடுத்து வந்த கேஸ் வெல்டிங்குக்கும் மின்சாரம் தேவைப்படவில்லை. கார்பைட் கல்லில் நீர் பட்டு எழும் அசிட்டிலின் வாயுவை ஆக்சிஜனுடன் எரித்தால் 3000 பாகை செல்சியசைத் தாண்டும் சுடர் கிடைக்கும். பழங்களைப் பழுக்கவைக்கப் பயன்பட்டு, பின்னர் அந்தப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கப்பட்ட அதே கல்தான் இது.

மின்வில் பற்றவைப்பு, அதாவது ‘ராடு’ எனப்படும் வெல்டிங் கம்பிக்கும் இரும்புக்கும் இடையே எழும் மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி இணைக்கும் முறை, மின்கம்பியைத் தொடர்ந்தே பரவியது. மும்முனை மின்சாரத்தின் இரு முனைகளுக்கிடையே உள்ள ஏறத்தாழ 415 வோல்ட்டை 80 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் எண்ணெய்த் தொட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஓராள் தூக்க இயலாத எடையுடையது. ஆகவே வேலைதான் பட்டறைக்கு வர வேண்டியிருந்தது. கிராமங்களில் மும்முனை மின்சாரம் குறித்த மணிநேரமே கிடைத்த காலத்தில் பட்டறையின் நேரத்தை மின்வாரியமே வகுத்தது எனலாம்.

இன்வெர்ட்டர் இயந்திரம் இக்கட்டை அவிழ்த்தது. அது மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை மாறச் செய்வதால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கையளவாகச் சுருங்குகிறது. பத்துக் கிலோவுக்கும் குறைந்த சிறிய வகைகளை 230 வோல்ட் ஒருமுனை இணைப்பிலேயே இயக்கலாம். திராட்சைத் தோட்டத்து இரும்புக் கதவை அங்கேயே போய்ப் பற்றவைக்கவும் முடியும்.

எனினும் எதை வாங்குவது என்பதை வேலையே தீர்மானிக்கிறது. 16 கேஜ் சதுரக் குழாயில் கேட் செய்வோருக்குப் ‘பன்னிரண்டு நம்பர்’ எனப்படும் 2.5 மி.மீ. ராடும் 60 முதல் 90 ஆம்பியரும் போதும். அதற்குமேல் கூட்டினால் குழாயில் ஓட்டை விழும். டிராக்டர் டிரெய்லரின் அடிச்சட்டத்துக்கு 4 மி.மீ. ராடும் ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டமும் வேண்டும். பெட்டியில் 200 ஆம்பியர் என்று பொறித்திருந்தாலும், பத்து நிமிடத்தில் அந்த அளவில் எத்தனை நிமிடம் தாங்கும் என்று கேட்காமல் வாங்குவது விவேகமன்று. கிரைண்டரின் இரும்புத்தூள் புகுந்தால் இன்வெர்ட்டரின் ‘கார்டு’ எனப்படும் மின்னணுச் சுற்றுப்பலகை கெட்டுவிடக்கூடும். எண்ணெய்த் தொட்டி டிரான்ஸ்ஃபார்மரிலோ, ‘காயில்’ எனப்படும் கம்பிச்சுருள் எரிந்தாலும் அதை மீண்டும் சுற்றிக்கொள்ளலாம். அந்தக் கம்பிச்சுருள் செம்பாக இருந்தால், உடைத்துப் போடும் நாளிலும் பழைய இரும்புக்கடையில் எடைக்கு நல்ல விலை போகும்.