தாய் மடியும் குழந்தை இருக்கையும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் பத்துப் பருவங்களுள் முதலில் வைத்தது காப்புப் பருவம். குழந்தை தவழ்வதற்கும் தளர்நடை இடுவதற்கும் முன்னரே, அதனைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுதல் அப்பருவத்தின் பொருள். பழந்தமிழர் தம் மக்களுக்கு ஐம்படைத் தாலி அணிவித்ததும் இக்கருத்துப் பற்றியே. ஆகவே குழந்தையைக் காத்தல் நமக்குப் புதிய அறமன்று. ஆனால் மோட்டார் வண்டி வந்த பின்னர்க் காக்கும் வழி மாறிற்று. தாய் மடியே குழந்தைக்கு உகந்த இடம் என்பது வீட்டில் முற்றிலும் உண்மை. ஓடும் வண்டியில் அஃது உண்மையன்று. இதனை உலகம் உணர்ந்த வரலாற்றையும், பழைய பிக்அப் வண்டியில் இதனைக் கடைப்பிடிக்கும் முறையையும் இங்கே காண்போம்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒன்று மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அதில் தாயின் மடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தை இருக்கிறது. அக்கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை, ஏறத்தாழ 140 கிலோ மூட்டையைத் தூக்குவதற்கு வேண்டிய விசையாகும். எத்தாயின் கைகளால் இஃது இயலும்? அன்பு குறைந்ததனால் அன்று, இயற்கை விதியினால் குழந்தை கை நழுவுகிறது. தாயும் பட்டை அணியாதிருந்தால், அவளுடைய உடலே முன்சென்று குழந்தையை நசுக்கிவிடும்.

இவ்வுண்மை எளிதில் உணரப்படவில்லை. 1930களில் மேனாடுகளில் விற்கப்பட்ட குழந்தை இருக்கைகளின் நோக்கம், குழந்தை அங்குமிங்கும் நகராமல் அமர்ந்து வெளியே வேடிக்கை பார்ப்பதே, பாதுகாப்பு அன்று. 1959இல் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் பூலின், சீட் பெல்ட் என நாம் வழங்கும் இருக்கைப் பட்டையை, மூன்று இடங்களில் பற்றும் இன்றைய வடிவில் அமைத்தார். அது பெரியவர் உடலுக்கு ஏற்றது. குழந்தைக்கு அப்பட்டை கழுத்திலும் வயிற்றிலும் பதியும். எனவே குழந்தைக்கெனத் தனி இருக்கை தேவைப்பட்டது.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜீன் ஏம்சும், அமெரிக்காவில் லியோனார்டு ரிவ்கினும் பாதுகாப்பையே நோக்கமாகக் கொண்ட இருக்கைகளை வடிவமைத்தனர். அதே காலத்தில் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் முதுகினால் விசையைத் தாங்குமாறு படுத்திருப்பதை எண்ணிப் பார்த்தார். வண்டியின் பின்புறத்தை நோக்கிக் குழந்தை அமரும் இருக்கையை உருவாக்கினார். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. கழுத்தோ மிக மென்மையானது. முன்நோக்கி அமர்ந்தால் மோதலில் தலையின் பாரம் முழுவதும் கழுத்தை இழுக்கும். பின்நோக்கி அமர்ந்தால் தலை, கழுத்து, முதுகு ஆகிய மூன்றையும் இருக்கையே ஒருங்கு தாங்கும்.

கருவி வந்த பின்னும் மக்கள் மனம் மாறுவதற்குக் காலம் ஆயிற்று. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் பல்லாண்டு வாதாடியதன் பயனாக, குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய அந்நாட்டின் முதற்சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அச்சட்டத்தில் ஒரு விலக்கு நுழைந்திருந்தது: பெரியவர் கையில் ஏந்திய குழந்தைக்கு இருக்கை வேண்டியதில்லை என்பதே அது. சட்டம் இயற்றியோரும் மடியை நம்பினர்! அவ்விலக்கு 1981இல் நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய மறைமலை நகரில், 1999 முதல் ஃபோர்டு நிறுவனம் கார்களை உருவாக்கி, 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. அருகில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 2014இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட கார்கள் சிலவற்றைக் காற்றுப்பை இல்லாத வடிவில் மோதவிட்டுச் சோதித்தது. இவ்வட்டாரத்தில் உருவான ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10 உட்பட அவை யாவும் பெரியவர் பாதுகாப்பில் ஒரு விண்மீனும் பெறவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் தண்டம் என்கிறது. 2023இல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டுச் சோதனைத் திட்டமும் தொடங்கிற்று. ஆனால் அது பயணிகள் கார்களுக்கு உரியது. சுமை வண்டிகள் அதன் எல்லைக்குள் வாரா.

சுமை வண்டியைத்தான் நம்மில் பல குடும்பங்கள் திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் நாடுகின்றன. பழைய வண்டி உடையோர் கருத வேண்டியவை சில. முதலாவது, சரக்கு ஏற்றும் பின்தட்டில் குழந்தையை ஒருபோதும் ஏற்றலாகாது. அங்கே எந்த இருக்கையும் காப்பாகாது. இரண்டாவது, ஓட்டுநர் அறையில் பட்டை உள்ளதா, அது நைந்துள்ளதா, அதன் கொக்கி உறுதியாகப் பூட்டுகிறதா என நோக்குக. பட்டையே இல்லாத வண்டியில் குழந்தை இருக்கையைக் கயிற்றால் கட்டுவது வீண். சில பழைய பிக்அப் வண்டிகளின் பின்னே பக்கவாட்டில் பார்த்தபடி அமைந்த சிற்றிருக்கைகளும் இதற்கு ஆகா.

மூன்றாவது, காற்றுப்பை. விரியும் காற்றுப்பையின் முன்னே பின்நோக்கிய இருக்கையை வைப்பது உயிருக்கே தீங்கு. பின்னிருக்கை இல்லாத பிக்அப் வண்டிகளுக்கு இச்சிக்கல் பெரிதாயிற்று. ஆகவே அமெரிக்க அரசு 1995இல், அத்தகைய வண்டிகளில் பயணியின் காற்றுப்பையை நிறுத்தும் விசையை அமைக்க இசைந்தது. அவ்விசை இல்லையேல் பின்நோக்கிய இருக்கை அங்கே கூடாது.

நான்காவது, இறுக்கம். பழைய பட்டைகளுட் பல, வண்டி திடீரென நிற்கும்போது மட்டுமே பூட்டிக்கொள்ளும். மற்ற நேரங்களில் தளர்ந்திருக்கும். அவற்றிற்கு இருக்கையோடு வரும் பூட்டுக் கிளிப்பைப் பயன்படுத்துதல் வேண்டும். ஐசோஃபிக்ஸ் என்னும் கொக்கி அமைப்பு 1999இல்தான் உலகத் தரமாயிற்று. அதற்கு முந்தைய வண்டியில் அதனைத் தேடிப் பயனில்லை. பட்டையை முறுக்கின்றி, இருக்கையின் கையேடு காட்டும் வழியே செலுத்தி, இருக்கையை அழுத்திக்கொண்டே இறுக்குக. பின்னர், பட்டை செல்லும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஓர் அங்குலத்திற்கு மேல் நகரலாகாது. தோள் பட்டை இல்லாத இடத்தில், குழந்தையை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் இருக்கை பொருந்தாது. விபத்துக்குள்ளான பழைய இருக்கையை மீண்டும் பயன்படுத்துதல் தவறு.

இத்தனையும் செய்யக் கால் மணி நேரம் போதும். ஆனால் அக்கால் மணிக்குப் பின்னே நில்ஸ் பூலின், ஆல்ட்மன், சாண்டர்ஸ் முதலியோரின் உழைப்பும், காலம் தாழ்ந்து விழித்ததால் உலகம் இழந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் நிற்கின்றன. மாணவர்களே, உங்களுள் பலர் நாளை பொறியாளராகவும் மருத்துவராகவும், சட்டம் இயற்றுவோராகவும் விளங்குவீர்கள். அதற்கு முன்னரே உங்கள் வீட்டில் ஒரு குழந்தை வண்டியில் ஏறும். அப்போது, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று யாரேனும் சொன்னால், அந்த 140 கிலோ கணக்கைப் பணிவுடன் எடுத்துரையுங்கள். தாயின் அன்பு இருக்கையை இறுகப் பிணைத்த பின்னரும் குறைவதில்லை. அங்கேதான் அது முழுக் காப்பாகிறது.